கொப்பரையடியில் நிற்பவரின் வேர்ச்சொத்தை: கிருமிக்கொல்லி மருந்தை வாய்க்குள் சோதித்த ஒரு நிகழ்வு ஆய்வு

என்னிடம் முதன்முதலில் வந்தபோது அவருக்கு வயது 61. கேரளத்தின் மறையூரிலிருந்து காந்தளூர் போகும் வழியில் உள்ள ஒரு கரும்பாலையில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொப்பரையடியில் நின்று பாகுக்குப் பதம் பார்ப்பவர். "இடப்பக்கம் ஈறோரமாக் குழி விழுந்திருச்சுங்க டாக்டர், பச்சைத்தண்ணி பட்டாலே கூசுது" என்பதுதான் அவருடைய முறையீடு. அவருடைய ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வாயில் 23 பற்கள் இருந்தன. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்த பரப்புகளில் ஒன்பது இடங்களில் சொத்தை. அந்த ஒன்பதில் ஏழு இடப்பக்கத்தில், அதுவும் கன்னத்தை ஒட்டிய பரப்பில் வரிசையாக இருந்தன. முனையில் அரை மில்லிமீட்டர் உருண்டை உள்ள மழுங்கிய ஆய்வுக்கம்பியால் தொட்டபோது, நான்கு இடங்கள் ஈரத்தோல் போலவும், ஐந்து இடங்கள் அழுத்தினால் அமுங்கும் அளவு மெதுமெதுப்பாகவும் இருந்தன. நிறம் எல்லாவற்றிலும் வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு. ஓய்ந்துபோன சொத்தை கறுத்து, கெட்டியாக, பளபளப்பாக இருக்கும், இவை ஓயவில்லை.

அவர் வலக்கைக்காரர். வலக்கையால் துலக்குகிறவருக்கு இடப்பக்கக் கன்னப் பரப்பில்தான் பிரஷ் எளிதாகப் போகும். அந்தப் பக்கமே இப்படிக் கெட்டிருந்ததற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். உள்ளே சுண்டைக்காய் அளவில் உடைத்த வெல்லத் துண்டுகள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு விலாவில் அக்கி வந்து, அது ஆறிய பிறகும் எரிச்சல் விடாமல் இருந்ததால், இரவில் அமிட்ரிப்டிலின் மாத்திரை போட்டுவந்திருக்கிறார். அந்த மருந்து உமிழ்நீரைக் குறைக்கும். அதன் மேல் கொப்பரையின் வெக்கை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்போதெல்லாம் ஒரு துண்டை இடக்கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஒரு துண்டு கரையக் கால் மணி நேரம். அது போனால் அடுத்தது. நடுவில் பாகை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது தனி.

மெழுகுத் துண்டை ஐந்து நிமிடம் மெல்லச் சொல்லி உமிழ்நீரைச் சேகரித்தேன். இரண்டரை மில்லிலிட்டர்தான் வந்தது, அதாவது நிமிடத்துக்கு அரை மில்லிலிட்டர். மெல்லும்போது சுரப்பது நிமிடத்துக்கு 0.7 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் குறைவு என்று கொள்வது வழக்கம்.

ஏன் வேர், ஏன் வெல்லம்

மறையூர் வெல்லம் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் தரத்தைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு இருக்கும் பெருமை நியாயமானது. ஆனால் வெள்ளைச் சர்க்கரைதான் பல்லைக் கெடுக்கும், வெல்லம் கெடுக்காது என்று பலரும் என்னிடம் உறுதியாகச் சொல்கிறார்கள், அது சரியல்ல. வெல்லத்திலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். 1924-ல் லண்டனில் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் கிருமி, சுக்ரோஸைக் கொண்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, அமிலத்தை உண்டாக்குகிறது. மற்றொன்று, பல்லோடு ஒட்டிக்கொள்ளும் பசை போன்ற குளுக்கானைக் கட்டி, அந்த அமிலம் உமிழ்நீரால் கழுவப்படாதபடி படலத்துக்குள்ளேயே நிறுத்திவைக்கிறது. எனாமல் கரையத் தொடங்கும் அமிலநிலை (pH; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 5.5. வேரை மூடியிருப்பது எனாமல் அல்ல என்பதால், அது 6-க்குச் சற்று மேலேயே கரையத் தொடங்கிவிடும். இனிப்பைத் தின்ற சில நிமிடங்களில் படலத்தின் அமிலநிலை கீழே இறங்கி, மீண்டு மேலே வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும் என்பதை 1940-களில் ஸ்டீஃபன் அளந்து காட்டினார். ஆரோக்கியமான உமிழ்நீர் உள்ளவருக்கே அந்தக் கணக்கு. உமிழ்நீர் வற்றி, கால் மணிக்கு ஒரு துண்டு வெல்லம் ஒதுக்கிய கன்னத்தில், மீண்டு வருவதற்கு நேரமே இல்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் முதலில் கிருமிக்கொல்லியைத்தான் கையில் எடுத்தேன். ஆலை வேலையை விடச் சொல்ல முடியாது. வாய் வறட்சிக்கு அவருக்குத் தெரிந்த ஒரே ஆறுதலையும் முதல் நாளே பிடுங்க மனம் வரவில்லை. கிருமியைக் குறைத்துவிட்டால் இனிப்பு செய்யும் கேடும் குறையும் என்று எண்ணினேன்.

கொப்பளிப்பு மருந்து

குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதக் கரைசலில் 10 மில்லிலிட்டரை நாளைக்கு இரண்டு வேளை ஒரு நிமிடம் கொப்பளிப்பது, 1970-ல் ஹரால்ட் லோவும் ஷியோட்டும் சோதித்துக் காட்டியதிலிருந்து பல் மருத்துவத்தில் நிலைபெற்ற முறை. அவர்கள் காட்டியது பற்படலமும் ஈறு வீக்கமும் தடைபடுவதைத்தான், சொத்தையை அல்ல. இந்த வேறுபாட்டை நான் அப்போது போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை. இந்த மருந்தின் தனிச்சிறப்பு, கிருமியைக் கொல்வது மட்டும் அல்ல. நேர்மின்னேற்றம் உள்ள மூலக்கூறு என்பதால் பல்லிலும் வாயின் சவ்விலும் ஒட்டிக்கொண்டு, பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளிப்படும். வேப்பங்குச்சிச் சாறோ கிராம்பு எண்ணெயோ ஆய்வுக்கூடத் தட்டில் கிருமிகளை நன்றாகவே தடுக்கின்றன, ஆனால் வாயில் துப்பிய சிறிது நேரத்தில் கழுவிப் போய்விடுகின்றன, குளோர்ஹெக்சிடின் தங்குகிறது.

கிருமி அளவைப் பார்க்க நான் பயன்படுத்தியது பட்டைச் சோதனை. நோயாளியை ஒரு நிமிடம் மெழுகு மெல்லவைத்து, சொரசொரப்பான பிளாஸ்டிக் பட்டையை நாக்கின் மேல் பத்துமுறை புரட்டி, மூடிய உதடுகளுக்கு இடையே இழுத்து, கிருமி வளர்க்கும் ஊடகம் உள்ள சிறு குப்பியில் இறக்க வேண்டும். மற்றக் கிருமிகளைத் தடுப்பதற்கான பேசிட்ராசின் வில்லையை அந்தக் குப்பியில் கால் மணி நேரம் முன்னதாகவே போட்டிருக்க வேண்டும். மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி, 37 டிகிரியில் 48 மணி நேரம் வைத்தால், பட்டையின் மேல் நீலப் புள்ளிகள் முளைக்கும். படத்தோடு ஒப்பிட்டு 0 முதல் 3 வரை தரம் போடலாம்; 3 என்றால் ஒரு மில்லிலிட்டர் உமிழ்நீரில் பத்து லட்சத்துக்கு மேல். அவருடைய முதல் பட்டையில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே நீலப் படிவாகக் கிடந்தன. தரம் 3.

ஒரு வாரம் கொப்பளித்த பிறகும் தரம் 3 மாறவில்லை. எப்படிச் செய்கிறார் என்று செய்து காட்டச் சொன்னேன். நுரை பொங்கப் பேஸ்டில் துலக்கி, வாயை அரைகுறையாகக் கழுவி, உடனே மருந்தை ஊற்றிக்கொண்டார். பேஸ்டில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் எதிர்மின்னேற்றம் கொண்டது. அது குளோர்ஹெக்சிடினைப் பிடித்துச் செயலற்றதாக்கிவிடும். துலக்குவதற்கும் கொப்பளிப்பதற்கும் இடையில் குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும் என்பதை மருந்துக்குப்பியைக் கொடுத்த அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இடைவெளி விட்டுக் கொப்பளிக்கத் தொடங்கி இரண்டு வாரம் ஆனபோது தரம் 1-க்கு இறங்கியது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மூன்றாவது வாரம் அவரே வந்து மருந்தை மேசையில் வைத்துவிட்டார். பற்களில் பழுப்புக் கறை படிந்திருந்தது, அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நாக்கு செத்துப்போச்சுங்க டாக்டர். சாறுல சுண்ணாம்பு கூடிப்போனா ஒரு கசப்பு வரும். ரெண்டு கொப்பரை அப்படியே இறக்கிட்டேன், எனக்குத் தெரியவே இல்லை" என்றார். கரும்புச் சாற்றின் அழுக்கைப் பிரிக்கச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். கைப்பிடி கூடினாலும் வெல்லத்தின் நிறமும் சுவையும் கெடும். குளோர்ஹெக்சிடின் உப்பையும் கசப்பையும் உணரும் திறனைத் தற்காலிகமாக மழுக்கும் என்பது அறிந்த பக்கவிளைவு. நூல்களில் அது சிறு தொந்தரவாக எழுதப்பட்டிருக்கிறது. நாக்கை வைத்துப் பிழைக்கிறவருக்கு அது கூலி சார்ந்த விஷயம். மருந்தை நிறுத்தினேன். சுவை ஒரு வாரத்தில் திரும்பியது. ஆறு வாரத்தில் பட்டையின் தரமும் 3-க்குத் திரும்பியது.

ஒரு பொய்யான சுழி

இடையில் நடந்த ஒரு பிழையையும் பதிவுசெய்ய வேண்டும். மருந்தை நிறுத்திய பத்தாம் நாள் எடுத்த பட்டையில் ஒரு புள்ளிகூட இல்லை. தரம் 0. மருந்து நிறுத்திய பிறகும் கிருமி அடியோடு அற்றுப்போனது என்று நோயாளியின் தாளில் எழுதியும்விட்டேன். மறுநாள் உதவிப்பெண்தான் சொன்னார்: மழையில் கம்பி அறுந்து, முந்திய இரவு முழுவதும் மின்சாரம் இல்லை, இன்குபேட்டர் ஆறிக் கிடந்திருக்கிறது. மறையூரின் மழைக்கால இரவில் ஆறிய பெட்டி என்ன வெப்பத்தில் இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முளைக்காத கிருமியை நான் செத்த கிருமி என்று எழுதியிருந்தேன். மறுபடி எடுத்த பட்டை தரம் 2 காட்டியது. அதன் பிறகு, கிருமி நிறைய உள்ளதென்று ஏற்கெனவே தெரிந்த ஒருவரின் பட்டையையும் ஒவ்வொரு முறையும் கூடவே வைக்கத் தொடங்கினேன். அது முளைக்காவிட்டால் அன்றைய முடிவு எதுவும் செல்லாது.

ஆய்வுக்கூடச் சோதனைகளைப் படிக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. கிருமி வளர்க்கும் அகர் கூழ் நிரப்பிய தட்டில் குழி போட்டு மருந்தை ஊற்றி, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை அளக்கும் முறையில், பெரிய வட்டம் என்பது வலிமையான மருந்தை மட்டும் குறிப்பதில்லை; அகரில் எளிதாகப் பரவும் மருந்தையும் குறிக்கும். தட்டில் இருப்பவை தனித்தனிக் கிருமிகள். பல்லின் மேல் இருப்பது பசைக்குள் புதைந்த படலம்; அதைக் கொல்ல, தனிக் கிருமியைக் கொல்லும் செறிவைவிடப் பத்து மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரைகூடத் தேவைப்படலாம். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வட்டத்தின் விட்டத்தை வைத்து மூலிகைகளை வரிசைப்படுத்தி எழுதுவதைப் பார்க்கும்போது, அந்த உழைப்பில் பாதியைப் படலத்தின் மேல் செலவிட்டிருக்கலாமே என்று வருந்துகிறேன்.

பூச்சு

மருந்தை நாக்கில் படாமல் வேரில் மட்டும் நிறுத்துவதற்கு ஒரே வழி வார்னிஷ். எதைப் பூசுவது என்பதில் சான்றுகள் ஒரே திசையில் இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் வல்லுநர் குழு, ஃபுளோரைடு அல்லாத தடுப்பு மருந்துகளைப் பற்றி 2011-ல் தந்த பரிந்துரையில், பல்லின் மேற்பகுதிச் சொத்தைக்குக் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பை ஏற்கவில்லை. ஆனால் பெரியவர்களின் வேர்ச்சொத்தையைக் குறைக்க, குளோர்ஹெக்சிடினும் தைமால் என்னும் மற்றொரு கிருமிக்கொல்லியும் சமபங்கு கலந்த வார்னிஷை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசலாம் என்றது. அடுத்த ஆண்டே, சொத்தை அபாயம் மிகுந்த ஏறத்தாழ ஆயிரம் பெரியவர்களிடம் 10 சதவீதக் குளோர்ஹெக்சிடின் பூச்சைச் சோதித்த அமெரிக்க ஆய்வில், போலிப் பூச்சுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் குளோர்ஹெக்சிடின் ஜெல்லோ வார்னிஷோ பயன்படுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2015-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொன்னது. செறிவைக் கூட்டினால் பலன் கூடும் என்ற எளிய எண்ணத்துக்கு இவற்றில் இடமே இல்லை.

இடப்பக்கம் மருந்தும் வலப்பக்கம் வெறும் பூச்சுமாக, ஒரே வாயை இரண்டாகப் பிரித்துச் சோதிக்கலாமா என்றும் யோசித்தேன். கிருமிக்கொல்லிக்கு அது ஒத்துவராது. ஒருபக்கம் பூசியது உமிழ்நீரில் கரைந்து மறுபக்கத்துக்கும் போகும். இரு பக்கமும் ஒரே கிருமிக் குளத்திலிருந்துதான் பெறுகின்றன. அவருடைய இரு கன்னங்களும் ஒரே நிலையில் இருக்கவும் இல்லை. ஆகவே ஒன்பது பரப்புகளிலும் குளோர்ஹெக்சிடின்–தைமால் வார்னிஷையே பூசினேன். பஞ்சுச் சுருளால் எச்சிலை ஒதுக்கி, காற்றடித்துக் காயவைத்து, மெல்லிய தூரிகையால் ஈறோரம் மட்டும் ஓட்டினால் போதும். ஒன்பது இடத்துக்கும் பத்து நிமிடம் ஆகவில்லை. அன்று மூன்று மணி நேரம் எதையும் தின்ன வேண்டாம், மறுநாள் காலைவரை துலக்க வேண்டாம் என்றேன்.

இம்முறை மருந்தோடு நிற்கவில்லை. அவருக்கு நரம்பு வலிக்கு மருந்து கொடுத்துவந்த மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். அவர் அமிட்ரிப்டிலினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, வேறு மருந்துக்கு மாற்றினார். கன்னத்தில் வெல்லத்துக்குப் பதிலாகச் சர்க்கரை இல்லாத சைலிட்டால் மெல்லுகோந்து. வாயூற நெல்லிக்காய் ஒதுக்கலாமே என்று வீட்டில் சொன்னார்களாம். வறண்ட வாயில் வெளியே தெரியும் வேருக்கு அந்தப் புளிப்பும் அமிலம்தான் என்று தடுத்துவிட்டேன். வீட்டில் நாய் வளர்ப்பதால், சைலிட்டால் நாய்க்கு நஞ்சு என்பதையும், கோந்தைக் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது என்பதையும் அவருடைய மனைவியிடம் தனியாகச் சொன்னேன். வேர்ச்சொத்தைக்கு 5000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5000 பங்கு) ஃபுளோரைடு பேஸ்டுக்கு நல்ல சான்று உண்டு; இந்தியாவில் கடைப் பேஸ்டின் உச்சவரம்பு 1000 பிபிஎம். ஆகவே அந்த 1000-ஐயே இரண்டு வேளை பயன்படுத்தி, நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் விடச் சொன்னேன். 38 சதவீத வெள்ளி டைஅமைன் ஃபுளோரைடைப் பூசும் வழியும் இருந்தது. 2021-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்ந்த அது சொத்தையை நிறுத்துவதில் வலுவானது. ஆனால் சொத்தையைக் கருக்கிவிடும். முன்பக்கம் தெரியும் கோரைப்பல்லை நினைத்து அவர் வேண்டாம் என்றார். கடைசிக் கடைவாய்ப்பல் ஒன்றுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் மாதம் பட்டையின் தரம் 2. ஒரு படிதான் இறங்கியிருந்தது, கொப்பளிப்பு மருந்து தந்த 1-ஐ எட்டவில்லை. எண்ணை மட்டும் பார்த்தால் பூச்சு கொப்பளிப்பைவிட மோசம். ஆனால் ஆய்வுக்கம்பி வேறு செய்தி சொன்னது. மெதுமெதுப்பாக இருந்த ஐந்தில் மூன்று தோல்பதத்துக்கு வந்திருந்தன. தோல்பதத்தில் இருந்த நான்கில் இரண்டு கெட்டியாகிவிட்டன. கூச்சம் பெரிதும் குறைந்திருந்தது. உமிழ்நீர் நிமிடத்துக்கு 0.9 மில்லிலிட்டராக ஏறியிருந்தது.

பிறகு தொடர்மழையில் கரும்புச் சக்கை காயாமல், அடுப்பெரிக்க வழியில்லாமல், ஆலை மூன்று வாரம் நின்றது. அடுத்த பூச்சுக்கு இன்னும் நாள் இருந்தது; மருந்து எதையும் கூட்டவில்லை. அந்த மூன்று வாரத்தின் முடிவில் எடுத்த பட்டையில் புள்ளிகளை எண்ண முடிந்தது. தரம் 1. விரலில் தொட்டு நாக்கில் வைத்த பாகு மட்டும்தான் அந்த நாட்களில் இல்லாமல் போனது. ஆலை ஓடத் தொடங்கியதும் தரம் மறுபடி 2.

ஒரே நேரத்தில் மாத்திரை, கோந்து, பேஸ்ட், பூச்சு ஆகிய நான்கையும் மாற்றியதால், கெட்டியானதில் வார்னிஷின் பங்கு எவ்வளவு என்று இந்த ஒருவரை வைத்து நான் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்தைச் சோதிப்பதாயின் ஒன்றை மாற்றி மற்றதை நிறுத்திவைத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தால் அவருக்கு இரண்டு பல் போயிருக்கும். அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை. எனினும் கொப்பளிப்புக் காலத்தில் கிருமி அதிகம் குறைந்து, சொத்தை ஓயவில்லை. பூச்சுக் காலத்தில் கிருமி அவ்வளவு குறையாமலே சொத்தை ஓய்ந்தது. மூன்று வாரக் கொப்பளிப்பில் வேர் கெட்டியாக நேரம் போதாது என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் பட்டையின் தரத்தைச் சொத்தையின் நிலைக்கு ஈடாக வைத்து இனி நான் மருந்தை மதிப்பிட மாட்டேன். கிருமி என்பது அமிலம் தோன்றும் சூழலில் செழிப்பது. 1990-களில் பிலிப் மார்ஷ் முன்வைத்த சூழலியல் கருத்து இதையேதான் சொல்கிறது. சூழல் அப்படியே இருக்கும்வரை, கொன்ற இடத்தில் அதுவே திரும்ப முளைக்கும்.

பதினெட்டாம் மாதக் கணக்கு இது. ஒன்பதில் ஏழு கறுத்துக் கெட்டியாகிவிட்டன. அவற்றில் ஒன்று வெள்ளி மருந்து பூசியது. ஒன்று இன்னும் தோல்பதத்தில் இருக்கிறது. மேல் இடக் கடைவாய்ப்பல்லில் ஒன்று ஆழம் கூடியதால் கிளாஸ் அயனோமர் சிமென்ட் வைத்து அடைத்தேன். புதிய சொத்தை இல்லை. பாகுக்கு இப்போது பதம் பார்க்கும் விதத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறார். முன்பு நாக்கில் வைத்ததற்குப் பதிலாக, கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலிடுக்கில் உருட்டி, அது கலையாமல் திரண்டு நிற்கிறதா என்று பார்க்கிறார். சுண்ணாம்புக் கசப்புக்கு மட்டும் ஒருமுறை நாக்கில் தொட்டு, துப்பி, வாயைத் தண்ணீரால் அலசிக்கொள்கிறார். அவருடைய மகனும் அதே கொப்பரையடியில் நிற்கத் தொடங்கியிருக்கிறார் என்றும், முதல் நாளிலிருந்தே அப்படிப் பழக்கியிருப்பதாகவும் சொன்னார்.

கடைசியாக வந்தபோது, பூச்சுக்கு முன் வழக்கம்போல நாக்கை நீட்டிக்கொண்டு பட்டைக்காகக் காத்திருந்தார். இனி அது வேண்டாம் என்று சொல்லி, மழுங்கிய கம்பியை எடுத்து இடக்கன்னத்தை விலக்கினேன்.